நாயோடு ஜியோகேச்சிங்: மதுரைப் பக்கம் கிளம்புகிறவர்களுக்கு

நாய்க்கு ஆபத்து வருவது பெரும்பாலும் கடைசி இருபதடியில். அதுவரை நம் கண் பாதையில் இருக்கும், கை கயிற்றில் இருக்கும். தேடிப் போகிற டப்பா (கேச்) பக்கத்தில் வந்துவிட்டோம் என்று போன் சொன்னதும் கண் திரைக்குப் போகிறது, கை புதருக்குள் போகிறது, கயிறு முழங்கையில் தொங்குகிறது. நாய் அந்த நேரம் பார்த்துத்தான் பாறை இடுக்கில் மூக்கை விடும். இங்கே சொல்வதில் முக்கியமான பகுதி அந்த இருபதடிக்கானது. மீதி, அதுவரை நாயைச் சேதாரமில்லாமல் கொண்டு சேர்ப்பதற்கு.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: யாரோ ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை ஜியோகேச்சிங் செயலியில் போடுவார். நாம் ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். 2000 மே 2-ம் தேதி அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை நிறுத்தியது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் முதல் டப்பா, சரியாகச் சொன்னால் ஒரு வாளி, ஒளித்து வைக்கப்பட்டது. அதில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்று உணவுப் பொருள் எதையும் கேச்சில் வைக்கக் கூடாது என்பது விதி. வாசனைக்கு வரும் விலங்கு டப்பாவைக் கடித்துக் குதறிவிடும் என்பதுதான் காரணம்.

முதலில் நாயைப் பாருங்கள்

எல்லா நாயும் இதற்குச் சரிப்படாது. பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கும் சக்தி குறைவு. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் அரை மணி நேர நடை என்றால் சரி, அதற்கு மேல் வேண்டாம். லாப்ரடார் நன்றாக நடக்கும். ஆனால் தரையில் கிடப்பது எதுவானாலும் வாயில் போட்டுவிடும். அது ஏன் இந்தப் பக்கத்தில் உயிர்ப் பிரச்சினை என்பதைக் கீழே பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். முயல் ஒன்று குறுக்கே ஓடினால் அடுத்த நொடி நாய் இங்கே இருக்காது. அவற்றைக் கயிறு அவிழ்த்துவிடும் பேச்சே வேண்டாம். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு அபூர்வமில்லை. உங்கள் நாய்க்கு நன்றாகக் காது கேட்கிறதா என்று பின்னாலிருந்து கைதட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இருப்பதிலேயே தோதானது நம்ம தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய்தான். வெயில் தாங்கும், கால் கெட்டி, முள்ளைப் பார்த்து ஒதுங்கவும் தெரியும்.

வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதக் குட்டியில் ஆரம்பித்து வருடா வருடம் போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கான கூட்டு ஊசியையும் விடாதீர்கள். கண்மாய், ஊருணித் தேங்கல் தண்ணீரில் நாய் வாய் வைக்காமல் பார்ப்பது நடக்காத காரியம். தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி முடியாத குட்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூனையையும்தான்.

வெளியே போவதற்குப் பத்து நாள் முன்பே இரண்டு சொல் பழக்கிவிடுங்கள்: “இரு”, “விடு”. “இரு” என்றால் நாம் பத்தடி தள்ளிப் போய்க் குனிந்து எதையோ நோண்டினாலும் எழுந்து வரக் கூடாது. “விடு” என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வேண்டும். பிஸ்கட்டைத் தரையில் போட்டு, உள்ளங்கையால் மூடி, “விடு” சொல்லி, நாய் மூக்கை எடுத்ததும் வேறு கையால் அதைவிட நல்ல தீனி ஒன்றைக் கொடுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டில் பத்துக்கு ஒன்பது முறை கேட்கிற நாய்தான் வெளியில் ஐந்து முறையாவது கேட்கும்.

எந்த கேச்?

ஐரோப்பிய நகரங்கள் மாதிரி இங்கே தெருவுக்கு ஒரு கேச் கிடையாது. செயலியில் வரைபடத்தைத் திறந்து மதுரையைச் சுற்றி 30, 40 கிலோமீட்டருக்குத் தேடுங்கள். ஒவ்வொரு கேச்சுக்கும் இரண்டு மதிப்பெண் இருக்கும். தேடும் கஷ்டத்துக்கு ஒன்று, நிலத்தின் கஷ்டத்துக்கு ஒன்று. இரண்டுமே 1 முதல் 5 வரை, அரை அரையாகக் கூடும். நாயோடு முதல் தடவை போகிறவர்கள் தேடலில் 2, நிலத்தில் 2 தாண்ட வேண்டாம். நிலம் 3 என்றாலே நம் பக்கத்தில் பாறை ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குப் பாறையில் நாய் தாவி ஏறிவிடும், இறங்கத் தெரியாது. நகம் பிடிக்காமல் சறுக்கும். 25 கிலோ நாயைத் தூக்கிக்கொண்டு பாறை இறங்குவது என்ன பாடு என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டப்பா அளவையும் பாருங்கள். ஃபிலிம் டப்பா அளவுள்ள மைக்ரோவைத் தேட முக்கால் மணி நேரம்கூட ஆகும். நாய்க்கு அவ்வளவு பொறுமை இல்லை. சாப்பாட்டு டப்பா அளவுள்ள ஸ்மால், ரெகுலர்தான் தோது. கேச் பக்கத்தில் நாய் படம் போட்ட சின்னக் குறி இருந்தால் நாயோடு வரலாம் என்று அர்த்தம். அதே படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்தால் வேறு இடம் பாருங்கள். குறியே இல்லையென்றால் வைத்தவருக்குச் செயலியிலேயே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கடைசி நாலைந்து பதிவுகளைப் படித்துவிடுங்கள். தொடர்ந்து “கிடைக்கவில்லை” என்று இருந்தால் டப்பா காணாமல் போயிருக்கும். அதற்காக நாயை வெயிலில் நடத்த வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, கேச் இருக்கிறது என்பதாலேயே நாயும் போகலாம் என்று ஆகிவிடாது. அழகர்மலை காப்புக்காடு. நாயோடு உள்ளே போகக் கூடாது. காட்டுமாடு இருக்கிற இடம், குரங்குத் தொல்லை வேறு. அரிட்டாபட்டி 2022-ல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். பாறைகளில் ராஜாளி வகைப் பறவைகள் கூடு கட்டுகின்றன. அங்கேயும் நாய் வேண்டாம். கீழக்குயில்குடி சமணர் மலையில் அடிவார ஆலமரத்தடியும் தாமரைக்குளத்துப் பக்கமும் நடக்க நல்ல இடம். அய்யனார் கோயில் வளாகத்துக்குள் நாயை விடாதீர்கள். மேலே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருப்பவை. ஆயிரம் வருடத்துச் சிற்பத்தின் கீழே நாய் காலைத் தூக்கினால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். நாகமலை அடிவாரம், யானைமலையின் நரசிங்கம் பக்கம், கண்மாய்க் கரைகள், தண்ணீர் இல்லாத மாதங்களில் வைகைக் கரை, இவையெல்லாம் நாயோடு போகக் கூடியவை. மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளை மட்டும் தூரத்திலிருந்தே சுற்றிப் போங்கள். விளிம்பு செங்குத்தாக வெட்டியது, கீழே ஆழத் தண்ணீர். விழுந்த நாய் கரையேற ஒரு படி கிடையாது.

மயில் எங்கே பார்த்தாலும் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குள் விரட்டுவதையும் சேர்த்திருக்கிறது. “என் நாய் சும்மாதான் துரத்துச்சு” என்பது அங்கே எடுபடாது.

நேரம்

காலை 5:45-க்கு வண்டியை விட்டு இறங்கி, 8:30-க்குள் திரும்ப வண்டிக்கு வந்துவிடுங்கள். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை 9:30 வரை நீட்டலாம். ஏப்ரல், மே மாதங்களில் போகவே வேண்டாம். 40 டிகிரியைத் தொடும் வெயிலில் பாறை தோசைக்கல்தான். புறங்கையைப் பாறையிலோ தார் ரோட்டிலோ ஏழு விநாடி வையுங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் வைக்காது. மாலையில் போகலாமே என்று தோன்றும். ஆனால் யானைமலை மாதிரி பெரிய பாறை பகல் முழுக்கக் குடித்த சூட்டைப் பொழுது சாய்ந்து வெகு நேரம் வரை கக்கும். இருட்டினால் பாம்பு நடமாட்டம் வேறு.

நாள் பார்ப்பதும் முக்கியம். சித்திரைத் திருவிழா வாரத்தில் அழகர்கோயில் ரோடு, பௌர்ணமியன்று திருப்பரங்குன்றம், பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர்ப் பக்கம், தீபாவளிக்கு முன்பின் இரண்டு மூன்று நாள் எந்தப் பக்கமும், இவை நாய்க்கு ஆகாத நாள்கள். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் நாய் ஊர் திரும்புவது அதிர்ஷ்டம்.

பையில்

கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சைச் சுற்றும் ஹார்னஸ் வாங்குங்கள். பாறை இறக்கத்தில் நாய் சறுக்கினால் கழுத்தை நெரிக்காமல் தூக்கிப் பிடிக்கலாம். கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். இழுக்க இழுக்க நீளும் வகை கருவேலங்காட்டில் பத்து நிமிடத்தில் சிக்கிக்கொள்ளும். இரும்புச் சங்கிலி வெயிலில் சுடும். இடுப்பில் கட்டும் கயிறு நல்லது, இரண்டு கையும் போனுக்கும் கம்புக்கும் கிடைக்கும். ஆனால் உங்கள் எடையில் பாதிக்கு மேல் இருக்கும் நாய் என்றால் இடுப்பில் கட்டாதீர்கள், பாறையில் இழுத்துவிட்டால் இருவரும் போவீர்கள். உங்கள் போன் நம்பர் பொறித்த தகடு ஹார்னஸில் இருக்கட்டும்.

தண்ணீர்: 10 கிலோ நாய்க்கு இரண்டு மணி நேர நடைக்குக் குடிக்க அரை லிட்டர், நனைக்க இன்னொரு அரை லிட்டர். 25 கிலோ நாய் என்றால் இரண்டரை லிட்டர். இது நாய்க்கு மட்டும், உங்களுக்குத் தனி. ஒரேயடியாகக் கொடுக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சோறு வைக்காதீர்கள்.

இவற்றோடு: கூர்முனை சாமணம், பஞ்சு, போவிடோன் அயோடின், கட்டுத்துணி, மலம் எடுக்கப் பழைய பிளாஸ்டிக் பை, குடை ஒன்று, நான்கடிக் கம்பு ஒன்று. குடை வெயிலுக்கு மட்டுமில்லை.

ஊரைக் கடப்பது

தெருநாய்தான் வழியில் பெரிய தொல்லை. வரைபடம் காட்டும் குறுக்கு வழி பெரும்பாலும் ஊர்த் தெரு வழியாகத்தான் போகும். அதை விட்டுக் கண்மாய்க் கரையோ வயல் வரப்போ சுற்றிப் போங்கள். கால் மணி கூடினாலும் மிச்சம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை இருக்கும் தெரு பக்கமே போகாதீர்கள். அங்கே பத்துப் பன்னிரண்டு நாய் காவல் கிடக்கும், எல்லாம் உஷார் நிலையில்.

குரைத்துக்கொண்டு வந்தால் ஓட வேண்டாம், முறைத்துப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் நாயை உடம்போடு ஒட்டிப் பிடித்து, வருகிற நாய்க்கும் உங்கள் நாய்க்கும் நடுவில் நீங்கள் நின்று, நேராகப் போகாமல் வளைந்து விலகிப் போங்கள். கல் எடுப்பது போல் குனிந்தாலே பாதி நாய் போய்விடும். போகாததற்கு எதிரே குடையைப் படக்கென்று விரியுங்கள். சின்ன நாயைத் தூக்கி மார்போடு வைக்காதீர்கள், துரத்துகிற நாய் உங்கள் மேல் பாயும். ஆட்டுக் கிடை கண்ணில் பட்டால் நூறு மீட்டர் தள்ளியே நின்று கிடைக்காரரைக் கூப்பிட்டு வழி கேளுங்கள். “அண்ணே, இப்படிப் போலாமாண்ணே?” என்று கேட்டுப் போனால் அவர் தன் நாயை அதட்டி நிறுத்துவார். கேட்காமல் போனால் அதன் வேலையை அது பார்க்கும்.

ஒரு லாபமும் உண்டு. புதருக்குள் தலையை விட்டுத் தேடுகிற ஆளை ஊரார் சந்தேகமாகப் பார்ப்பார்கள். கையில் நாய் இருந்தால் “கடிக்குமாண்ணே?” என்பதோடு கேள்வி முடிந்துவிடும்.

கடைசி இருபதடி

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் நாய்க்கு, ஒருவர் தேடலுக்கு. தனியாக வந்தவர் நாயை நிழலில் கட்டிவிட்டுத் தேடுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

1. போன் 20 மீட்டர் காட்டும்போதே நில்லுங்கள். அம்பைத் துரத்திக்கொண்டு நாயை இழுத்தடிக்காதீர்கள். வெட்டவெளியில் போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை பிசகும். யானைமலை மாதிரி செங்குத்துப் பாறைக்குப் பக்கத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்புவதால் அம்பு சுற்றிச் சுற்றி ஆடும்.

2. நாய் நிற்கும் இடத்தை முதலில் சோதியுங்கள். கம்பால் தரையைத் தட்டி, கல்லைப் புரட்டாமல் சுற்றிலும் பாருங்கள். எறும்புப் புற்று, பாம்புப் புற்று, தேன்கூடு, கண்ணாடிச் சில்லு எதுவும் இருக்கக் கூடாது. பிறகுதான் “இரு”.

3. தேடுகிறவர் போனை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்து அம்பு நிலைக்க விடட்டும். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேட வேண்டும். நானாக இருந்தால் எங்கே ஒளிப்பேன் என்பதுதான் கேள்வி. மற்றக் கற்களுக்கு நடுவே செயற்கையாக அடுக்கியது போல் நாலு கல் இருந்தால் அங்கே பாருங்கள்.

4. பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் கம்பு, அதற்கும் முன் டார்ச். கல்லைப் புரட்டும்போது அடிப்பக்கம் உங்களை நோக்கித் திறக்காமல் எதிர்ப்பக்கம் திறக்கும்படி தூக்குங்கள். அடியில் தேளோ பூரானோ இருந்தால் அந்தப் பக்கம் ஓடும்.

5. டப்பாவை நாயிடமிருந்து தள்ளி வைத்துத் திறங்கள். எச்சில் பட்ட தாள் பூஞ்சணம் பிடித்துவிடும். பெயர், தேதி எழுதி, மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தபடியே வையுங்கள்.

6. நாயைப் பிடித்திருப்பவர் அதன் வாயிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மலையடிவார வயல்களில் காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கும் ஆட்கள் உண்டு. தீனிக்குள் பொதிந்த வெடி, கடித்தால் தாடை போய்விடும். எலி மருந்து தடவிய தீனியும் கிடக்கும். அனுமதியில்லாத மின்வேலியும் சில இடங்களில் இருக்கும், கம்பி கண்ணில் பட்டாலே திரும்பிவிடுங்கள்.

இருபது நிமிடத்தில் கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள். கேச் அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும்.

எது கெடும், என்ன செய்வது

சீமைக்கருவேல முள் ஏறினால் நாய் காலைத் தூக்கிக்கொண்டு நக்கும். சாமணத்தால் முள் ஏறிய கோணத்திலேயே இழுங்கள். கோணல் பார்த்து இழுத்தால் முனை உள்ளே ஒடிந்து சீழ் வைக்கும். கழுவி அயோடின் வையுங்கள். முனை உள்ளே தங்கிவிட்டால் நோண்டாமல் மருத்துவரிடம் போங்கள். நாயுருவிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வயிற்று முடி முழுக்க அப்பிக்கொள்ளும், சீப்பு போதும். ஆனால் ஊசிப்புல் விதை காதுக்குள் போனால் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும், அதை வீட்டில் எடுக்க முயல வேண்டாம்.

வெப்பத் தாக்கு வேகமாக வரும். நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, ஈறு ரத்தச் சிவப்பாகி, நடை தள்ளாடினால் அதோடு நடை முடிந்தது. நிழலில் படுக்க வைத்து வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். ஈரத் துண்டைப் போர்த்தி மூடவும் வேண்டாம், அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். தேறியது போல் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை அவசரத்துக்கு 1962. நிழலில் நிறுத்திய காரானாலும் கண்ணாடி ஏற்றிவிட்டு நாயை உள்ளே விட்டுப் போகாதீர்கள், உள்ளே சூடு வேகமாக ஏறும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவும் விடாதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விஷமுறிவு மருந்து கையிருப்பு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முதல் நாளே போனில் கேட்டு வைத்திருந்தால் அந்த நேரத்தில் அலைய வேண்டாம். தெருநாய் உங்களைக் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையம். உங்கள் நாயைக் கடித்தாலும், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், மருத்துவரிடம் போய் மறுபடி ஊசி போட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின்

வாசலிலேயே நிறுத்தி உண்ணி பாருங்கள். காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், விரலிடுக்கு. தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். எடுத்ததை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் நாய் சோர்ந்து தின்னாமல் படுத்தால், எங்கே போயிருந்தோம் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

ஆசைப்பட்டால் டிராவல் பக் என்ற, குறியீடு பொறித்த தகடு ஒன்றை ஹார்னஸில் மாட்டலாம். வழியில் சந்திக்கும் மற்றத் தேடலாளர்கள் அதன் குறியீட்டைப் போட்டு, உங்கள் நாயைப் பார்த்ததாகப் பதிவு செய்வார்கள். நாய் படத்தைப் போடும்போது குறியீடு தெரியாமல் மறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பார்க்காதவர்களும் பார்த்ததாகப் போடுவார்கள்.

கடைசியாகச் செயலியில் பதிவு. “கிடைத்தது, நன்றி” என்பதோடு நிறுத்தாதீர்கள். கேச் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடாமல், அடுத்து நாயோடு வருகிறவருக்கு வேண்டியதை எழுதுங்கள்: “மடைக்குக் கிழக்கே கிடை போட்டிருக்கிறார்கள், மேற்குக் கரை வழியாக வரவும். ஏழரைக்கு மேல் நிழல் இல்லை. கரையில் நெருஞ்சி அதிகம்.”